ஒலிவாங்கி பிடித்த கை

உலகத்தில் நிருபர் என்று சொல்லிக்கொள்ளும் வர்க்கத்தார் பலவகைப்படுவர். விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸுக்கு முந்திப் போய் நிற்பவர் ஒருவர். கும்பாபிஷேகத்துக்குக் குறிப்பெடுக்கப் போய்ப் பிரசாதத்தோடு மாத்திரம் திரும்புகிறவர் இன்னொருவர். ஆனால், ஒரு தேசத்தின் சட்டங்கள் பிறக்கும் மண்டபத்துக்குள், அதற்கென்றே வழங்கப்பட்ட அனுமதி அட்டையைக் கழுத்தில் தரித்து நுழைந்து, காலை பத்து மணி தொட்டு அங்கே பொழிகிற வார்த்தை வெள்ளத்தையெல்லாம் நாற்பது விநாடி கொள்ளும் சிமிழ் ஒன்றில் அடைத்து, அந்தி சாயும் நேரத்தில் வானொலி வழியாகவோ தொலைக்காட்சி வழியாகவோ நமக்கு அருள்கிறாரே, அந்த நாடாளுமன்ற ஒலிபரப்பு நிருபரின் லட்சணங்களே தனி. அவரை நான் நன்றாக அறிவேன். எங்கள் கேமரன் மலையில் பிறந்தவர்தாம்.

ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணி வேலை பார்த்து, செக்ரோலில் பேர் பதிந்து பதிந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்தச் செக்ரோலில் அவருடைய பாட்டியின் பேரும் இருந்தது. அம்மாவின் பேரும் இருந்தது. அவர் பேர் மட்டும் ஏறவில்லை. படித்து, கோலாலம்பூருக்குப் போய், செய்திப் பிரிவில் சேர்ந்து, தமிழ்ச் செய்திக்காக மக்களவையைக் கவனிக்கும் பொறுப்புக்கு உயர்ந்துவிட்டார். நான் ஒருவரைச் சொன்னாலும், அவரைப் போன்ற ஒரு கூட்டத்தையே சொன்னதாக வாசகர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தோட்டத்துக் கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தால் மலை முழுவதன் பக்குவமும் தெரிந்துவிடும் அல்லவா?

முதலில் அவருடைய கோட்டு. அவைக்குள் வருகிற ஆடவர் கௌரவமான உடையில் வர வேண்டும் என்பது சம்பிரதாயமாதலால், தலைநகரின் புழுக்கத்தில், முதுகில் வியர்வை வாய்க்காலாக ஓட, வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து மண்டபம் வரையில் அந்தக் கறுப்புக் கோட்டை அவர் சுமக்கிறார். கோட்டுக்கு நியாயமான வேலை கிடைக்கக்கூடிய பிரதேசம் நாட்டில் ஒன்று உண்டென்றால் அது எங்கள் மலைதான். விடியற்காலையில் 15, 16 பாகைக்குக் குளிர் இறங்கும். இங்கே வந்ததும் அவர் செய்கிற முதற்காரியம், கோட்டைக் கழற்றிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, பாட்டியின் பழைய கம்பளிச் சட்டைக்குள் புகுந்துகொள்வதுதான். கசங்கிவிடுமாம், திங்கட்கிழமை அவை கூடுகிறதாம்.

கழுத்து அட்டையைக் கழற்றுவதில்லை. தகவல் இலாகா கொடுத்தது ஒன்று, நாடாளுமன்றம் கொடுத்தது ஒன்று. தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் முதல்முதலாக அது கீழே இறங்கிற்று. அப்போது பார்த்தால், கழுத்தைச் சுற்றி, வெயில் படாத பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு! மணவறையில் கட்டிய மஞ்சள் கயிறுகூட அவ்வளவு அழுத்தமாக ஒரு கழுத்தில் பதிந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய தொழிலின் பூர்வோத்தரம் சற்று விசித்திரமானது. நாடாளுமன்றக் கட்டடத்தை மாமன்னர் திறந்து வைத்தது 1963 நவம்பர் 2-ஆம் தேதி. இந்நாட்டில் தொலைக்காட்சி பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி. இடையிலே சரியாக 56 நாள். அன்னாசித் தோலைப் போர்த்தினாற்போல் வெள்ளைக் கட்டுமானம் மூடிய கோபுரம் ஒரு குழந்தை. படம் காட்டும் பெட்டி மற்றொரு குழந்தை. கிட்டத்தட்ட ஒரே பிரசவம் எனலாம். ஆயினும், கேள்வி நேரத்தை உள்ளது உள்ளபடி நேரலையில் காட்டுவது என்று அரசாங்கம் துணிந்தது 2008-இல்தான். அதுவும் அரை மணி நேரத்துக்குத்தான். இரட்டைப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்த்துக்கொள்ள 45 வருஷம் ஆயிற்று. அந்த 45 வருஷமும் நிருபர்களின் பொற்காலம் என்பது நம்மவர் கட்சி. அதுவரைக்கும் அவர்கள் சொன்னதே அவையில் நடந்ததாக இருந்தது. அதற்குப் பிறகு, அவையில் நடந்ததையே சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் வந்துவிட்டது. இப்போதோ கைபேசியை எடுத்தால் 222 உறுப்பினர்களின் கூச்சலையும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நின்றுகொண்டே கேட்கலாம்.

ஆனாலும் அவருக்கென்று ஒரு வித்தை எஞ்சியிருக்கிறது. அமைச்சர் ஒருவர் அவையை விட்டு முகப்புக் கூடத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது முப்பது பேர் தேனீக்களைப் போல் மொய்த்துக்கொள்வார்கள். பத்திரிகைக்காரருக்குக் காது நுழைந்தால் போதும். ஒலிபரப்புக்காரருக்கோ கை நுழைய வேண்டும். முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாக, பக்கத்தில் நிற்பவரின் அக்குளுக்குக் கீழாக, நிலையத்தின் சின்னம் புகைப்படத்தில் விழும் கோணத்தில், அமைச்சரின் மோவாய்க்கு ஒரு சாண் தள்ளி, அந்த ஒலிவாங்கியைக் கால் மணி நேரம் அசையாமல் நீட்டிப் பிடிப்பது தவம் அல்லாமல் வேறென்ன? அமைச்சர் சொல்வது பெரும்பாலும் இரண்டே வாசகம். “ஆராய்ந்து வருகிறோம்” என்பது ஒன்று. “விரைவில் அறிவிக்கப்படும்” என்பது மற்றொன்று. இவற்றை வாங்கத்தான் அத்தனை முழங்கை இடியும்.

தவத்தின் பலன் தேகத்தில் படிந்துவிட்டது. ஊரில் யார் வாய் திறந்தாலும் அவருடைய வலக்கை தன்னையறியாமல் எழுந்து, பேசுகிறவரின் வாயருகே போய் நின்றுவிடும். கையில் டம்ளர் இருந்தால் டம்ளர். முறுக்கு இருந்தால் முறுக்கு. ஒட்டுக்கடையில் ஒருமுறை, விலைவாசியைப் பற்றி அலுத்துக்கொண்ட கடைக்காரரிடம் அவர் கரண்டியை நீட்டியதையும், தமக்கு ஏதோ ஊட்டப்போகிறார் என்று அந்த மனிதர் வாயைத் திறந்ததையும் நான் பிரத்தியட்சமாகக் கண்டவன்.

சபையின் சட்டதிட்டங்களும் அவர் நாவில் ஊறியவை. உள்நோக்கம் கற்பித்துப் பேசலாகாது என்கிற நிலைக்கட்டளைக்கு 36(6) என்று இலக்கம். அவையில் யாராவது அத்துமீறினால், எதிர்வரிசையார் துள்ளி எழுந்து அந்த இலக்கத்தைத்தான் முழங்குவார்கள். சென்ற வருஷம் எங்கள் லயத்தில், அவரைப் பந்தலை ஆடு மேய்ந்த விவகாரத்தில், “வேணும்னேதான் அவுத்து விட்டா!” என்று ஒரு பெண்மணி குற்றஞ்சாட்ட, நடுவில் புகுந்த நம் நிருபர், “அது முறையில்லைங்க, முப்பத்தாறு ஆறு” என்றார். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, “அது எந்த ஊரு பஸ்ஸு, தம்பி?” என்று கேட்டாளே பார்க்கலாம். தாப்பாவுக்குப் போகிற பஸ் என்று யாரோ சொல்ல, விவகாரம் சிரிப்பில் தள்ளுபடியாயிற்று. நாடாளுமன்றத்தில் அப்படி முடிவதில்லை என்று அவர் பிற்பாடு என்னிடம் ஏக்கத்தோடு சொன்னார்.

பிரிஞ்சாங் மலையின் உச்சியில், 2,000 மீட்டருக்கு மேலே, ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று பனிமூட்டத்துக்குள் நிற்கிறது. அந்தக் கோபுரத்தைச் சுட்டிக்காட்டி, “என் பேரன் குரல் அங்க ஏறித்தான் இங்க இறங்குது” என்பாள் பாட்டி. மின்னல் எஃப்எம் செய்தி நேரத்தில் லயத்தில் ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. “நாடாளுமன்றத்திலிருந்து” என்று ஆரம்பித்துப் பேரைச் சொல்லி அவர் முடிப்பதற்குள் நாற்பது விநாடி ஓடிவிடும். ஒருநாள், “இன்றைக்கு என்ன மசோதா, பாட்டி?” என்று கேட்டேன். “மசோதா கிடக்கட்டும், தொண்டை கட்டியிருக்கு பிள்ளைக்கு. மழையில நனைஞ்சிட்டுப் போய் ஏர்கோன்ல உட்கார்ந்தா என்ன ஆவும்? சுக்குத் தண்ணி வச்சுக் குடிக்கச் சொல்லணும்” என்றாள். அன்று அந்த அவையில் என்ன நிறைவேறியது என்று எனக்கு ஞாபகமில்லை. அவருக்குச் சளி பிடித்திருந்தது மட்டும் மறுநாள் உறுதியாயிற்று. இவ்வளவு கூர்ந்து கேட்கிற நேயர் வேறு எந்த நிருபருக்கு வாய்க்கும்?

நாங்கள் நிருபர்களைத் தேடிப்போன காலம் மாறி, அவர்கள் அத்தனை பேரும் எங்களைத் தேடிவந்த காலமும் ஒன்று உண்டு. 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதியில் கிடைத்த வெற்றி செல்லாது என்று அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2019 ஜனவரி 26-ஆம் தேதி இடைத்தேர்தல் வந்தது. அடேயப்பா! தானா ராத்தாவில் விடுதி அறை கிடையாது. ஸ்ட்ராபெரிக்கு விலை கிடையாது, கேட்டதுதான் விலை. நாடாளுமன்றக் கூடத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டார்கள். வாயிலிருந்து ஆவி பறக்க, பல் கிடுகிடுவென்று ஆட, காமிராவின் முன் நின்று ஒருவர், “பிரசாரத்தில் அனல் பறக்கிறது” என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் அனல் நடுங்கிற்று.

இன்னொருவர் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வாலிபனிடம் ஒலிவாங்கியை நீட்டி, “உங்கள் ஓட்டு யாருக்கு?” என்றார். அவன் மிகவும் விநயமாக, “சாயா பங்களாதேஷ்” (நான் பங்களாதேஷ்காரன்) என்று மலாயில் சொன்னான். அடுத்த நிரையில் இருந்தவன் நேப்பாளி. எங்கள் தோட்டங்களில் கூடையும் கத்தரியும் அயல்நாட்டார் கைக்கு மாறி வெகுநாளாயிற்று என்பதும், தொகுதியின் மறுபாதியாகிய ஜெலாய் மலைக்குக் கீழே நிலக் குடியேற்றங்களும் பூர்வக்குடிக் கிராமங்களுமாக விரிந்து கிடக்கிறது என்பதும், பச்சைப் பசேலென்ற பின்னணிக்கு ஆசைப்பட்டு மேலே ஏறிவந்த காமிராக்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். என் அபிப்பிராயத்தில், அந்தத் தேர்தலில் ஓட்டில்லாத செடிகளே அதிகமாகப் படம் பிடிக்கப்பட்டன. முடிவில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் 3,238 வாக்குகள் அதிகம் பெற்று, மக்களவைக்குள் நுழைந்த முதல் பூர்வக்குடி உறுப்பினரானார். 2022 டிசம்பரில் அவர் துணைச் சபாநாயகராகவும் ஆனபிறகு, “நாற்காலியிலே எங்க மலைக்காரர், கீழே ஒலிவாங்கியோட நான்” என்று நம்மவர் சொல்லிக்கொள்வதுண்டு. 2013-இல் 462, 2018-இல் 597 என்று தொகுதியின் பெரும்பான்மைகளை அவர் தூக்கத்திலும் ஒப்பிப்பார். பாட்டிக்கு வாங்கிவரச் சொன்ன தைலம் எத்தனை புட்டி என்பது மட்டும் நினைவில் நிற்பதில்லை.

வரவுசெலவுத் திட்டக் கூட்டத் தொடரும் தீபாவளியும் பெரும்பாலும் மோதிக்கொள்ளும். ஆகையால் சென்ற தீபாவளிக்கும் முதல் நாள் நள்ளிரவில்தான், தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் தலைசுற்றி வந்து சேர்ந்தார். மறுநாள் மாலை, மழை பிடித்துக்கொண்ட வேளையில், லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். பழைய கங்காணியின் மகன், இப்போது எழுபதைத் தாண்டியவர், தம் வழக்கமான கதையை எடுத்தார். 1967 மார்ச் 26-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் மலையில் தங்கியிருந்த பங்களாவை விட்டு உலாவப் போனவர் திரும்பவில்லை அல்லவா? போலீஸும் ராணுவமும் பூர்வக்குடி வேட்டைக்காரரும் காட்டைச் சல்லடையாய்ச் சலித்தபோது, சிறுபையனாக இருந்த இவரும் ஓரிடம் வரைக்கும் பின்னால் போயிருக்கிறார்.

நிருபரின் கை தேநீர் டம்ளரோடு எழுந்து கிழவரின் வாயருகே நின்றது. கிழவர் அதைப் பொருட்படுத்தாமல், அன்று காலை என்ன சாப்பிட்டார், காலில் போட்டிருந்த செருப்பு யாருடையது, கூட வந்த நாயின் நிறம் என்ன என்று நிதானமாக அடுக்கிக்கொண்டு போனார். நாற்பது விநாடி ஆயிற்று. நிருபரின் கண் கடிகாரத்துக்குத் தாவிற்று.

“நன்றிங்க ஐயா.”

“எதுக்குப்பா நன்றி? நான் இன்னும் காட்டுக்குள்ளேயே போகலையே!”

“இல்லீங்க... கொஞ்சம் சுருக்கமா, முடிவை மட்டும் சொல்லுங்களேன்.”

கிழவர் அவரை உற்றுப் பார்த்தார். “முடிவா? முடிவு தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி அம்பது வருஷத்துக்கு மேலா இதைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்?”

நீட்டிய டம்ளரில் தேநீர் ஆடை கட்டியிருந்தது. பாட்டி வந்து அதைப் பேரனின் கையிலிருந்து பிரித்து வாங்கிக்கொண்டு, சூடு பண்ண உள்ளே போனாள். அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் காற்றில் சற்று நின்றுவிட்டு, மெல்ல மடியில் இறங்கிற்று. மழை வலுத்தது. கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, செருப்பு யாருடையது என்ற இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.