மொய் லிங்க்

1024 பேர் கொள்ளும் வாட்ஸ்அப் குழுவில், ஆன்லைன் மார்க்கெட்டிங்காரர்களின் பேச்சு காலை வணக்கத்தோடு தொடங்கும். அடுத்தது, தேடலில் மேலே வருவதற்கான பேரம்: "அண்ணா, என் லிங்க்கை உங்க சைட்ல போடுங்க, உங்களுத நான் போடுறேன்." மொய் நோட்டுக் கணக்குதான். செய்ததைத் திருப்பிச் செய்யாவிட்டால் மனஸ்தாபம். உண்மையில் பலன் தரும் சூட்சுமத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது தனி கோர்ஸ், ஜிஎஸ்டி சேர்த்து.

இந்த மொய்யில் கூகுள் முன்பே மூக்கை நுழைத்தது. 2012 ஏப்ரலில் வந்த பென்குயின் என்ற அதன் தேடல் அப்டேட், அளவுக்கு மீறி லிங்க் மாற்றிக்கொண்ட தளங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ளியது. அவ்வளவுதான். கெஞ்சி வாங்கியவர்களே, "தயவுசெய்து என் லிங்க்கை எடுத்துடுங்க" என்று கெஞ்சினார்கள். எடுப்பதற்கும் சிலர் காசு கேட்டார்கள்!

அதே ஆண்டு அக்டோபரில் கூகுளே ஒரு வழி செய்து கொடுத்தது. வேண்டாத தளங்களின் முகவரிகளை வரிக்கு ஒன்றாக எழுதி ஏற்றிவிட்டால் போதும், அங்கிருந்து வரும் லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காது. எதிராளிக்குத் தகவல்கூடப் போகாது.