குரூப் பெரியப்பா

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதத்தில் ஒருநாள் காலையில் வரும். பிளஸ் ஒன்னில் பிள்ளை எந்த குரூப், அதாவது எந்தப் பாடப்பிரிவு, எடுக்க வேண்டும் என்று சொல்ல குரூப் பெரியப்பா அன்று சாயங்காலம் வருவார். நடுவில் கிடைக்கிற மதியத் தூக்கத்தைப் பெற்றோர்கள் வீணாக்கக் கூடாது.

இவர் நமக்குச் சொந்தப் பெரியப்பாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் அப்பாவுக்கு அவர் 'அண்ணாச்சி'; ஆகவே பிள்ளைகளுக்குப் பெரியப்பா. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பி.யூ.சி. காலத்து ஆள். 1978-ல் தமிழ்நாட்டுக்கு பிளஸ் டூ வந்தபோது அவர் வேலைக்கே போய்விட்டார். அதாவது பிளஸ் ஒன் வகுப்பில் அவர் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. உட்காராததால்தான் இவ்வளவு தெளிவாக இருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

வந்ததும் சீனி போடாத காபி கேட்பார். சுகர். ரிசல்ட்டுக்கு வாங்கி வைத்த லட்டு மட்டும் கணக்கில் வராது. பிறகு விசாரணை.

"ஏட்டி, மார்க்கு எத்தன?"

"நானூத்தி முப்பத்தேழு, பெரியப்பா."

"ஐநூறுக்கா?"

ஐநூறுக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பார். மீதி 63 மார்க்கை என்ன செய்தாய் என்பதை இதைவிட மரியாதையாகக் கேட்க முடியாது.

அடுத்து தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார். நாள் முடிய இன்னும் நேரம் இருக்கும்; அதைப் பற்றி அவர் கவலைப்படுவதில்லை. தாளின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் மேலே 'ஃபர்ஸ்ட் குரூப்' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போடுவார். அதிலிருந்து இடப்பக்கம் ஒரு கோடு: டாக்டர். வலப்பக்கம் ஒரு கோடு: இன்ஜினீயர். தாள் முடிந்துவிடும்.

"பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி. நாலும் இருக்கு. டாக்டரு கெடைக்கலன்னா இன்ஜினீயரு. ரெண்டு பக்கமும் வாசல் தொறந்து கெடக்கு. வேற என்னட்டி வேணும்?"

வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிய சட்டை எடுப்பது மாதிரிதான் இதுவும். கணக்கைக் கண்டாலே வயிறு கலங்குகிற பிள்ளை, என்றைக்காவது உதவும் என்று இரண்டு வருஷம் அதைச் சுமக்க வேண்டும். 'கணக்கு இல்லாத ப்யூர் சயின்ஸ் எடுத்தால் என்ன? பாட்டனி, ஸுவாலஜி இரண்டும் தனித்தனியாக நன்றாகப் படிக்கலாமே' என்று அம்மா மெதுவாகக் கேட்டால், பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"ஏம்மா, அது கணக்கு வராதவன் எடுக்கது. வெளிய சொல்லிராதீங்க."

நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மார்க். அதில் 90 கேள்வி பயாலஜி. பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45. கணக்குப் பாடத்துக்கு ஒரு கேள்வியும் கிடையாது. இதை அந்தப் பிள்ளையே சொல்லிப் பார்க்கும். "கணக்கு தெரியாதவன் ஊசி போட்டா மருந்து அளவு எப்படிட்டி தெரியும்?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்.

மருத்துவப் படிப்புக்கு ஆள் எடுக்கிற முறை இந்த மாநிலத்தில் எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007-லிருந்து அது போய், பிளஸ் டூ மார்க்கை வைத்து கட்-ஆஃப் போட்டார்கள். 2017-ல் நீட். பெரியப்பா இதில் நடுவில் உள்ளதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். பயாலஜியில் பாதி, பிசிக்ஸில் கால், கெமிஸ்ட்ரியில் கால். கூட்டினால் கட்-ஆஃப், மொத்தம் 200-க்கு. பாடத்துக்கு 200 மார்க் இருந்த காலத்தில் அருமையான கணக்கு. 2018-19-லிருந்து பிளஸ் டூவில் பாடத்துக்கு 100 மார்க், மொத்தம் 600 என்று ஆகிவிட்டதை யாரும் அவரிடம் முறையாகத் தெரிவிக்கவில்லை.

ஆகவே காலண்டர் தாளில் இப்படி நடக்கும்: "சரி, நீ எல்லாத்துலயும் நூத்துக்கு நூறுன்னே வச்சுக்கிடுவோம். பயாலஜி அம்பது, பிசிக்ஸ் இருபத்தஞ்சு, கெமிஸ்ட்ரி இருபத்தஞ்சு. கட்-ஆஃப் நூறு." பேனாவை வைத்துவிட்டு அப்பாவைப் பார்ப்பார். "நூறு பத்தாதேடே. நூத்தித் தொண்ணூத்தாறாவது வேணும்."

எல்லாப் பாடத்திலும் முழு மார்க் வாங்கியும் சீட் கிடைக்காத ஒரு பிள்ளையை உலகத்திலேயே அவர் ஒருவர்தான் உண்டாக்கியிருக்கிறார். 'நீட் இருக்கே அண்ணாச்சி' என்று அப்பா இழுத்தால், "அது வார வருசம் போயிரும்" என்பார். வருஷா வருஷம் வார வருஷம்தான்.

கடைசியில், வேறு வழியில்லாமல், பிள்ளையின் பக்கம் திரும்புவார். "நீ என்னட்டி நெனைக்க?"

"ஆப்டோமெட்ரின்னு ஒண்ணு இருக்காம் பெரியப்பா."

"அது என்னது, கண்ணாடிக் கடையா?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார்.

இந்த இடத்தில் பெரியப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கண்ணாடியின் பவரைக் கண்டுபிடித்தது யார்? இருட்டறையில் உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தில் சில்லு சில்லாக மாற்றி, 'இதுல தெளிவா இருக்கா, முந்தினதுல தெளிவா இருந்துச்சா' என்று சலிக்காமல் கேட்ட அந்தப் பெண் படித்தது ஆப்டோமெட்ரிதான். மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் போய்ச் சுகருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறாரே, அதைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற பையன் மெடிக்கல் லேப் டெக்னாலஜி. போன வருஷம் முழங்கால் மடங்காமல் போனபோது, "பத்து எண்ணுங்க தாத்தா, இன்னும் ஒரு பத்து" என்று காலை மடக்கி நீட்டவைத்தவர் பிசியோதெரபி. அதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுத்தவர் ரேடியோகிராஃபி. மாத்திரையில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தவர் பார்மசி. ராத்திரி ரெண்டு மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றியவர் பி.எஸ்சி. நர்சிங். அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொன்ன டயட்டீஷியனையும் சேர்த்துக்கொள்ளலாம். பெரியப்பா அவரைச் சேர்த்துக்கொள்வதில்லை.

தலை முதல் கால் வரை இவ்வளவு படிப்பு அவர் உடம்பில் வேலை பார்த்திருக்கிறது. காலண்டர் தாளில் ஒன்றுக்குக்கூட இடமில்லை. டாக்டரை மொத்தமாக அவர் பார்த்தது எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் இருக்கும்.

இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பயாலஜி வேண்டும், கணக்கு வேண்டாம். பி.பார்முக்குப் பயாலஜி அல்லது கணக்கு, எது இருந்தாலும் சரி. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் துணை மருத்துவப் படிப்புகள் பலவற்றுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். கால்நடை மருத்துவத்திலும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு அப்படித்தான். பிளஸ் ஒன்னிலேயே சில பள்ளிகளில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், ஊட்டச்சத்து எல்லாம் பாடமாக உண்டு. சில அரசுப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் இருக்கிறது. "அதெல்லாம் ஒரு குரூப்பா?" என்பார் பெரியப்பா. குரூப் என்றால் நம்பர் இருக்க வேண்டும் அவருக்கு. அந்த நம்பரும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு பள்ளியில் செகண்ட் குரூப் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னொன்றில் ப்யூர் சயின்ஸ். இதனால் பெரியப்பாவும் தலைமையாசிரியரும் செகண்ட் குரூப்பைப் பற்றி நெடுநேரம் பேசி, முழுக்க ஒத்துப்போய், வெவ்வேறு பாடங்களைச் சிபாரிசு செய்துவிட்டு எழுந்ததும் உண்டு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதைக் கேட்கலாம். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையைப் பிளஸ் ஒன்னுக்குப் பெரிய தனியார் பள்ளியில் தூக்கிப் போடத் துடிக்கிற தகப்பனிடம், "சும்மா இருடே, இங்கயே கெடக்கட்டும்" என்பார். அவர் சொல்வது ஃபீஸை நினைத்து. ஆனால் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் வேண்டும் என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பள்ளி மாற்றினால் அந்த வாய்ப்பு போச்சு. காரணம் தெரியாமலேயே சரியாகச் சொல்கிற வரம் சிலருக்கு இருக்கிறது.

அட்மிஷன் நாளில் மனிதர் வேறு ஆள். காலை எட்டு மணிக்கே பள்ளி வாசலில் நிற்பார். கையில் மஞ்சப்பை, அதற்குள் டி.சி. ஜெராக்ஸ், சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பசை. அவருடைய பிள்ளைகளெல்லாம் படித்து முடித்துப் பல வருஷம் ஆகிறது. தெருப்பிள்ளைகளுக்காகத்தான் நிற்கிறார். பீடி சுற்றுகிற அம்மா ஒருத்தி படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றால், கேட்காமலே வாங்கி நிரப்பிக் கொடுப்பார். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், கையெழுத்துப் போடுகிற அதிகாரி எந்தக் கிழமை ஊரில் இருப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. அட்மிஷன் படிவத்தில் 'விரும்பும் பாடப்பிரிவு' என்ற கட்டத்தை மட்டும் அவர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எட்டினால் ஃபர்ஸ்ட் குரூப்தான்.

ஆகவே, வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிசல்ட் வந்த அன்று மதியமே பிள்ளையை உட்காரவைத்துப் பேசி, அந்த ஒரு கட்டத்தை அது கையாலேயே பேனாவில் நிரப்பச் சொல்லிவிடுங்கள். பென்சில் வேண்டாம். சாயங்காலம் பெரியப்பா வந்தால் மீதிப் படிவத்தை அவரிடம் கொடுங்கள். லட்டை மட்டும் உள்ளே எடுத்து வையுங்கள்.