பல்லைப் பிடித்துப் பார்த்த நட்பு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம்மூர் நாகரிகம். மேற்கு ஜெர்மனிக்கு அது தெரியவில்லை. 1960 மார்ச் 30-ல் கிரீஸ் அரசு, ஜெர்மனிக்கு வேலையாட்களை அனுப்ப ஒப்பந்தம் போட்டு, தன் ஜனங்களைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டியது. ஏதென்ஸிலும் தெசலோனிகியிலும் அவர்களை உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தி, பல், கை, நெஞ்சு எல்லாம் சோதித்த பிறகுதான் ஜெர்மன் மருத்துவர்கள் அனுப்பிவைத்தார்கள்.

ஜெர்மன் உபசாரம் கிரேக்கர்களுக்குப் புதிதா என்ன? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பின் முதல் குளிர்காலத்திலேயே ஏதென்ஸ் தெருக்களில் பட்டினிப் பிணங்கள் கிடந்தன. 1944 ஜூனில் டிஸ்டோமோ கிராமத்தில் கைக்குழந்தைகள் உட்பட 200 பேருக்கு மேல் ஒரே நாளில் ஜெர்மன் படையால் கொல்லப்பட்டார்கள். பதினாறே வருஷத்தில் அதே நாடு, ‘வாருங்கள், வேலை தருகிறோம்’ என்றது.

இந்த நட்புக்கு முன்பணம் கொடுத்தது யார் தெரியுமா? கிரீஸ்தான். தெசலோனிகியின் யூதர்களைக் கசக்கிப் பிழிந்த ராணுவ நிர்வாகி மாக்ஸ் மெர்டனுக்கு 1959-ல் ஏதென்ஸ் நீதிமன்றம் 25 ஆண்டு சிறை விதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆள் ஜெர்மனியில்! பிரதமர் கராமன்லிஸின் கருணைக்கு அளவேது? மறு மார்ச்சில் ஜெர்மனி தரும் 11.5 கோடி மார்க் நஷ்டஈட்டுக்கு ஒப்பந்தமானது. பன்னிரண்டாம் நாள் ஆள் அனுப்பும் ஒப்பந்தம்.

எல்லாரையும் அனுப்பிவிடவும் இல்லை. உள்நாட்டுப் போரில் இடதுசாரிப் பக்கம் நின்றவனுக்கு, அவன் தம்பிக்கும்கூட, போலீஸ் நற்சான்று இல்லாமல் பாஸ்போர்ட் கிடையாது. மனசில் மார்க்ஸ் இருந்தால் கையில் மார்க் இல்லை.

தேறியவர்கள் மியூனிக் ரயில் நிலையத்தின் 11-ம் நடைமேடையில் இறங்கினார்கள். அடியில் போர்க்காலப் பதுங்கு அறை. அங்கே கூட்டிப்போய்ச் சோறு போட்டு, ஆலை ஆலையாகப் பிரித்து அனுப்பினார்கள். பெண்களும் தனியாகவே வந்தார்கள், பெற்ற பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு. அவர்கள் அனுப்பிய பணம் ஏதென்ஸின் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையை அடைத்தது. (வேலை உருவாக்கத் துப்பில்லாத அரசுக்கு இதைவிட லாபமான ஏற்றுமதி எது?)

இத்தனைக்கும் பிறகு, 2010-ல் கிரீஸ் கடனில் மூழ்கியபோது ஜெர்மன் பத்திரிகைகள் கிரேக்கர்களைச் சோம்பேறிகள் என்றன. தீவுகளை விற்கச் சொன்னது ‘பில்ட்’. போர் நஷ்டஈடு கேட்டு 2019-ல் கிரீஸ் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது, அந்தக் கணக்கு எப்போதோ முடிந்தது என்றது பெர்லின். 1953-ல் லண்டனில் ஜெர்மனியின் கடனில் ஏறக்குறையப் பாதி தள்ளுபடியானதே, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நாடுகளில் கிரீஸும் ஒன்று.