பேரணாம்பட்டுச் சுற்றுலா மெய்ப்பாட்டியல்

பாயிரம்

சுற்றுலாக் கையேடு எழுதுவோர் அருவி, மலை, கோட்டை, கோயில் என்று இடவாரியாகப் பிரித்துவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். பார்த்தவனுக்கு என்ன ஆயிற்று என்று பிரிப்பதே முறை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். ஒவ்வொன்றும் நான்கு பொருளில் பிறக்கும் என்றார். பேரணாம்பட்டிலிருந்து கிளம்பி ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள் அத்தனையும் அந்தக் கணக்கில் அடங்கும்.

1. நகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன். மே மாதத்தில் வேன் பிடித்து, துண்டும் சோப்புமாக ஜலகாம்பாறை அருவிக்குப் போய்க் காய்ந்த பாறை முன் நிற்பது பேதைமை. வந்ததற்கு ஒரு போட்டோ என்பது மடன்.

2. அழுகை

இழிவு, இழவு, அசைவு, வறுமை. 1815இல் கண்டியை இழந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தான். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் அவன் கல்லறை இருக்கிறது. முதல் மூன்றும் அவனுக்கு. வறுமை, விடுதி பில்லைப் பார்த்த பயணிக்கு.

3. இளிவரல்

மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிணி பாலாற்றினுடையது. தோல் கழிவால் கெட்ட நீருக்கும் நிலத்துக்கும் கெடுத்தவரே செலவு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. டேனரி வாடைக்குக் கார்க் கண்ணாடியை ஏற்றும் பயணி, தன் ஷூவின் தோல் எந்த ஊரில் பதமானது என்று கேட்பதில்லை.

4. மருட்கை

புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். பெருமை அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு; சிறுமை அண்ணாந்து நிற்பவனுக்கு.

5. அச்சம்

அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் மலையேறுபவனுக்கு வனத்துறையே இறை. விலங்கு, ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து இறங்கும் யானை. முதுமலையில் பணம் கட்டி வேன் ஏறியும் யானையைக் காணாமல் திரும்புவோர் உண்டு. பேரணாம்பட்டில் அது தானாகவே தோப்புக்கு வரும், கட்டணமில்லை.

6. பெருமிதம்

கல்வி, தறுகண், புகழ், கொடை. ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருப்பதால் கல்வியும் கொடையும் சாலையிலேயே கிடைத்துவிடுகின்றன. தறுகண் பஸ் டிரைவருக்கு. புகழ் செல்ஃபி எடுப்பவனுக்கு. ஜன்னலோரம் வாந்தி எடுப்பவனை இளிவரலில் ‘மென்மை’யின்கீழ்ச் சேர்க்க.

7. வெகுளி

உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. 1749 ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் மாண்டதும், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் பழைய வெகுளி. குடிகோள் இன்றும் நடக்கிறது. செய்வது ஐந்தாம் இயலின் யானையேதான். நடுராத்திரி மாங்கிளை முறியும் சத்தம். கொட்டகையிலிருந்து டார்ச்சுடன் எழும் பெரியவர் தகர டின்னைத் தட்டுகிறார். மகன் பட்டாசு கொளுத்துகிறான். யானை அவசரப்படாமல் பக்கத்து வாழைக்கு நகர்கிறது. விடிந்ததும் சாய்ந்த மரங்களை எண்ணி இழப்பீட்டு மனு எழுதுகிறார்கள்.

8. உவகை

செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. செல்வம், 2007இல் குடமுழுக்கான ஸ்ரீபுரம் பொற்கோயில். புலன், ஆம்பூர்ச் சீரகசம்பா பிரியாணியும் கூடவே வரும் கத்திரிக்காயும். விளையாட்டு, புங்கனூர் ஏரிப் படகு. புணர்வு, தேனிலவுத் தம்பதியர் பொறுப்பு.

புறநடை

ஒரே யானை, கேமரா வைத்திருப்பவனுக்கு மருட்கை. கொட்டகையில் காவல் இருப்பவனுக்கு வெகுளி. பொருள் ஒன்றாயிருந்தும் மெய்ப்பாடு இரண்டானது எப்படி என்ற ஐயத்துக்கு இந்நூலின் விதி: பணம் கட்டிப் பயந்தால் சாகசம், பயந்தும் பணம் போனால் விவசாயம்.