இரண்டு மில்லிமீட்டர் தூரம்

ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியதும் அப்பா மர அலமாரிக்குள் ஒரு பல்பைப் போட்டுவிடுவார். கடைக்காரர்கள் அதை ஜீரோ வாட் பல்பு என்பார்கள், ஆனால் பதினைந்து வாட் இழுக்கும். அந்தச் சூடுதான் அவருக்கு வேண்டியது. குற்றாலத்து ஈரம் தென்காசி வரை வந்து துணி, உப்பு, தீப்பெட்டி எதையும் விடாது. லென்ஸுக்குள் புகுந்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். சீசன் முடியும்வரை இரவும் பகலும் அந்த அலமாரிக் கதவின் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரியும்.

உள்ளே இருந்தது ஒரு கேனன் ஏஇ-1 புரோகிராம். 1984இல் துபாயிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தது. அதோடு எஃப்டி 50 மி.மீ. லென்ஸ், 1.8 அப்பர்ச்சர். அப்பா வைத்திருந்த சின்ன ஸ்டுடியோவுக்கு அதுவரை அப்படியொரு கேமரா வந்ததில்லை. பேட்டரி தீர்ந்தால் அதில் ஷட்டரே விழாது. அந்த ஆறு வோல்ட் பேட்டரி தென்காசியில் கிடைக்காமல் திருநெல்வேலிக்கு பஸ் ஏறிய நாட்கள் உண்டு.

சீசனில் ஸ்டுடியோவை அம்மா பார்த்துக்கொள்வாள். அப்பா மெயினருவிக்குப் போய்விடுவார், குடை பிடிக்க நான். குளித்து முடித்து, தலையில் எண்ணெய் வாசம் போகாமல் நிற்கும் குடும்பங்களை அருவி முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார். சிவகாசி, விருதுநகர், கொல்லம் என்று அவர்கள் சொல்லும் முகவரியை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் பிரிண்ட் தபாலில் போகும். முகவரிக்குப் பக்கத்திலேயே அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு இரண்டையும் குறிப்பார். முன்பணம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவரின் படம் கெட்டுவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. ஒரு ரோலில் 36 படம். ஒன்றைக்கூட வீணாக்கிப் பார்த்ததில்லை.

அவர் நிற்கும் இடம் எனக்கு இன்றும் தெரியும். அங்கிருந்து பார்த்தால் மேலே பொங்குமாக்கடலிலிருந்து தண்ணீர் வழியும் விளிம்பும் கீழே பாதுகாப்பு வளைவும் சட்டத்துக்குள் சரியாக அடங்கும். காற்று திரும்பிச் சாரல் எதிர்ப்பக்கம் போகும்வரை காத்திருந்து, பழைய வேட்டித் துணியால் லென்ஸை ஒற்றிவிட்டு, வளையத்தைக் கடைசிவரை திருப்பி, முட்டி நின்றதும் அழுத்துவார். “எட்டத்துல இருக்கதுக்கு யோசிக்காதலே, கடைசிக்குத் திருப்பிரு” என்பார்.

தென்காசிக் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரம் எழும்பி 1990இல் குடமுழுக்கு நடந்தபோதும் அதே லென்ஸ்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக ஊருக்கு முழுக் கோபுரம் கிடையாது. 180 அடிக் கோபுரத்தை முழுசாக எடுக்கத் தெருவில் பின்னால் பின்னால் போய்க்கொண்டே இருந்த அப்பாவின் முதுகு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2012இல் நான் ஒரு டிஜிட்டல் எஸ்எல்ஆர் வாங்கினேன். அதுவும் கேனன்தான். அப்பாவின் லென்ஸ் அப்படியே பூட்டும் என்று நம்பி எடுத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. தபாலில் ஒரு வளைய அடாப்டர் வரவழைத்துப் பூட்டிக்கொண்டு கோயில் தெருவுக்குப் போனேன். கோபுரம் வெறும் மஞ்சள் மேகம். வளையம் கடைசிவரை போய்விட்டது, இன்னும் மேகம்தான். கைக்கெட்டும் தூரத்தில் பூக்காரம்மா கூடையிலிருந்த பிச்சிப்பூவோ ஒவ்வொரு இதழும் எண்ணும்படி விழுந்தது. கண்ணாடியில் கோளாறு என்று அன்று முடிவு கட்டினேன். அந்த நினைப்பு தப்பு என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

லென்ஸ் பூட்டும் தகட்டிலிருந்து ஃபிலிம் வரைக்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு தூரம் உண்டு. எஃப்டி லென்ஸுகளுக்கு அது 42 மில்லிமீட்டர். கேனன் 1987இல் கொண்டுவந்த இஓஎஸ் வரிசையில் 44. ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்து, கேமராவும் லென்ஸும் மின்சாரத்தால் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் துவாரத்தைப் பெரிதாக்கி, தூரத்தையும் மாற்றினார்கள். இன்றைய ஆட்டோஃபோகஸின் அருமை தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் பழைய லென்ஸ் அந்த உடலில் இருக்கவேண்டிய இடத்துக்கு 2 மி.மீ. முன்னால் போய் நிற்கிறது. 50 மி.மீ. லென்ஸ் 2 மி.மீ. முன்னால் நகர்ந்தால், வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் நாலடி, நாலரை அடிக்கு அப்பால் இருக்கும் எதுவும் தெளியாது. அடாப்டர் தகட்டின் கனமும் சேர்ந்தால் அந்த எல்லை இன்னும் சுருங்கும். ஆயுள் முழுக்க அருவியையும் கோபுரத்தையும் பார்த்த கண்ணுக்கு நாலடி உலகம்!

நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த அடாப்டர்களும் விற்றார்கள். அதையும் வாங்கினேன். தூரம் தெளிந்தது. ஆனால் ஓரமெல்லாம் சோப்பு நுரை பூசியது போலக் கரைந்தது, காட்சியும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. நல்ல லென்ஸுக்குப் பின்னால் மட்டமான கண்ணாடியை வைக்காதீர்கள் என்று இளம் நண்பர்களிடம் இன்றும் கெஞ்சிச் சொல்கிறேன். போதாததற்கு என் கேமராவின் சென்சார் ஃபிலிமை விடச் சின்னது. 50 மி.மீ. அதில் 80 மி.மீ. போலக் குறுகிப் பார்க்கும். அப்பா நின்ற இடத்தில் நின்றால் பாதி அருவிதான். முழு அருவி வேண்டுமென்றால் இன்னும் எட்டப் போய்க் கடைகளுக்குள் புகவேண்டும்.

லென்ஸை அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குள் ஸ்டுடியோவையும் மூடியாயிற்று. பல்பு போட யாருக்கும் தோன்றவில்லை. சில சீசன்கள் கழித்து எடுத்துப் பார்த்தபோது உள்கண்ணாடியில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. மதுரையில் பழைய கை ஒருவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஒரு ஓரத்தில் பூச்சு அரிக்கப்பட்டது அரிக்கப்பட்டதுதான். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

பிறகுதான் கண்ணாடி இல்லாத கேமராக்கள், மிரர்லெஸ், கைக்கு வந்தன. எஸ்எல்ஆருக்குள் மேலும் கீழும் ஆடும் கண்ணாடிக்கு இடம் வேண்டும், அதனால்தான் அந்த 44. கண்ணாடியை எடுத்துவிட்டால் தூரம் சுருங்கிவிடுகிறது. சோனியில் 18, கேனனில் 20, நிக்கானில் 16. நான் வாங்கிய 20 மி.மீ. உடலுக்கும் அப்பாவின் 42க்கும் நடுவில் இப்போது 22 மி.மீ. வெற்றிடம் மிச்சம். அதை ஒரு வெறுங்குழாயால் நிரப்பினால் போதும், கண்ணாடி வேண்டாம். சென்சாரும் ஃபிலிம் அளவு.

அப்போதும் கேமரா அந்த லென்ஸை அடையாளம் காணவில்லை. லென்ஸ் இல்லையென்றே நினைத்து ஷட்டரை விடமாட்டேன் என்றது. மெனுவில் ஓரிடத்தில் அனுமதி கொடுக்கவேண்டும். கை நடுக்கத்தைத் தாங்க 50 என்று நாமே எழுதவேண்டும். அடாப்டரின் வளையத்தைப் பூட்டுப் பக்கம் திருப்பாவிட்டால் அப்பர்ச்சர் மூடவே மூடாது. முதல் நாள் எடுத்ததெல்லாம் 1.8 தான். படத்தின் விவரத்தில் அப்பர்ச்சர் இருக்கவேண்டிய இடம் காலி.

போன சீசனில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மெயினருவிக்குப் போனேன். எண்பதைத் தொடுகிறார். அருவி முன்னால் ஆளுக்கொரு போன், யாரும் யாருக்கும் முகவரி கொடுப்பதில்லை. அவர் பழைய இடத்திலேயே போய் நின்றார். நான் கேமராவைக் கொடுத்தேன். விரல் தானாக வளையத்தைக் கடைசிவரை திருப்பி முட்ட நிறுத்தியது. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினால் மங்கல். அடாப்டர்களை ஒரு மயிரிழை குறைவாகக் கடைவார்கள். அதனால் வளையம் முட்டும் இடம் அருவியைத் தாண்டிவிடுகிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“பேசாம இரு” என்றார். கண்ணை வைத்து, வளையத்தை இம்மியளவு பின்னால் கொண்டுவந்தார். சாரல் விலகக் காத்திருந்தார். எடுத்தார். பொங்குமாக்கடல் விளிம்பிலிருந்து வளைவுவரை அருவி முழுசாக இறங்கியிருந்தது, தண்ணீர் இழை இழையாக.

“எத்தனைல வச்சேன், எழுதிக்க” என்றார். நான் போனை எடுத்தேன். அவர் தோள்பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து நீட்டினார்.

கடைசி முகவரிக்குக் கீழே 8, 125 என்று எழுதினேன்.