கதவு வைத்த டிவி

எங்கள் வீட்டு முதல் டிவிக்குக் கதவு இருந்தது. சாலிடெர் கறுப்பு வெள்ளைப் பெட்டி, இருபுறமும் தள்ளித் திறக்கும் மர ஷட்டர். அதற்கும் மேல் அம்மா பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பார். அப்பா ஸ்டெபிலைசரைப் போட்டு, முள் நிலைக்கு வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் டிவியின் ஸ்விட்சைத் தொடுவார். வானம் இருட்டினால் ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிடுவார். வோல்டேஜ், இடி, தூசி, தெருப்பிள்ளைகளின் பந்து என்று எங்கள் பயமெல்லாம் வெளியிலிருந்து வருபவற்றைப் பற்றியே இருந்தது. பார்க்கிற படமே திரையைக் கெடுக்கும் என்று யாரும் நினைத்ததில்லை.

அந்தப் பெட்டியிலும் அது நடக்கக்கூடியதுதான். படக்குழாயின் கண்ணாடிக்கு உட்புறம் பூசிய பாஸ்பரில் எலக்ட்ரான் கற்றை மோதித்தான் வெளிச்சம் வருகிறது. ஒரே உருவம் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் மங்கிப்போகும். கம்ப்யூட்டரில் ஸ்கிரீன் சேவர் வந்ததே இதற்காகத்தான். எங்கள் பெட்டியைக் காப்பாற்றியது தூர்தர்ஷன். சென்னையில் 1975-இல் தொடங்கிய நிலையம் வெகுகாலம் மாலையில் சில மணி நேரம்தான் ஒளிபரப்பியது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால், கூடத்தில் குந்தியிருந்த அக்கம்பக்கமெல்லாம் எழுந்து போகாமல் அதையும் பார்த்தது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் முடிந்து, செய்தியும் முடிந்தால், மறுநாள் மாலைவரை திரைக்கு ஓய்வு.

இப்போது சுவரில் 55 அங்குல ஓஎல்இடி. பின்னால் விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, இருட்டு வேண்டிய இடத்தில் அணைந்தே விடுகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் இரவுக் காட்சியை அதில் பார்த்தால், கொடுத்த விலை தகும் என்றே சொல்வேன். ஆனால் அந்தப் புள்ளிகள் கரிமச் சேர்மங்களால் ஆனவை. எரிய எரியத் தேயும். நீலம் மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம். திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. கிணற்றுக் கல்லில் கயிறு ஓடிய இடம் மட்டும் குழிவதுபோல, ஒரு மூலை மட்டும் ஓயாமல் உழைத்தால் அங்கே அச்சு விழும்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலைக் காபி தொடங்கி இரவு மாத்திரைவரை செய்தி சேனல்தான். மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை, ஓரத்தில் மணி. எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது.

“ஏம்மா, நான் பாக்கறதால டிவி கெட்டுப் போயிடுமா?”

“நீங்க பாக்கறதால இல்லப்பா. எழுத்து ஒரே எடத்துல நிக்குதுல்ல, அதனால.”

மறுநாள் அவர் டிவியே போடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. கண் மங்கி, நடை குறைந்தவருக்கு ஊர் உலகம் அந்தச் சிவப்புப் பட்டையில்தான் வருகிறது. விட்டுக்கொடுக்க வேண்டியது டிவிதான், அவரல்ல. வெளிச்சத்தைக் குறைத்தேன். லோகோ இருக்கும் இடத்தைத் தானாக மங்கவைக்கும் வசதியையும், படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் வசதியையும் போட்டுவிட்டேன். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, பழைய சேனலையே வைத்தேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொன்னேன். இரவில் சுவர் ஸ்விட்சையும் அணைப்பது அவருடைய ஸ்டெபிலைசர் காலத்து வழக்கம். இந்த வகை டிவி, ரிமோட்டில் அணைத்த பிறகுதான் புள்ளிகளின் தேய்மானத்தைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். அதற்குக் கரண்ட் வேண்டும். ‘அணைக்க வேண்டாம்’ என்று அவர் கையாலேயே எழுதி ஸ்விட்சுக்கு மேல் ஒட்டினார். இடி மின்னலன்று பிளக்கைப் பிடுங்க அனுமதி உண்டு.

பல கம்பெனிகளின் வாரண்டியில் இந்த அச்சு சேராது. அதை பில் போடுவதற்கு முன்பே கடையில் சொல்ல வேண்டும், வீட்டில் யார் என்ன பார்ப்பார்கள் என்று கேட்கவும் வேண்டும். அண்ணன் டிவி வாங்கப் போனபோது கூடப் போயிருந்தேன். கடையில் யாரும் கேட்கவில்லை. அண்ணி பொழுதன்றைக்கும் ஒரே சேனலில் சீரியல் பார்ப்பார் என்று நானே சொன்னேன். பின்விளக்கு வைத்த எல்இடி டிவியை வாங்கி வந்தோம்.