பச்சைப் பொடி இலக்கணம்

ஆயாமல் உண்ணத்தக்க கீரை பச்சைப் பொடி எனப்படும். கீரையாக இருந்தபோது தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டதும், டப்பாவில் அடைபட்டபின் விலை கொடுத்து விரும்பப்படுவதும் இதன் இயல்பு.

வகை: இது இலைப்பொடி, புற்பொடி, பாசிப்பொடி என மூவகைப்படும். அவை முறையே முருங்கை, கோதுமைப்புல், ஸ்பைருலினா என்பன. இவற்றுள் மூன்றாவது, பாசி என வழங்கினும் பாக்டீரியா இனமாம். மெக்சிகோவின் டெஷ்கோகோ ஏரியில் ஆஸ்டெக் மக்களும், ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் கனெம்பு மக்களும் இதனை அள்ளி, உலர்த்தி, அடையாக்கி உண்டனர். குலுக்கும் புட்டி அவர்களிடம் இருந்ததில்லை.

பெயர்: முருங்கையின் அறிவியல் பெயரான ‘மொரிங்கா’ தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகக் கொள்வர். முருங்கை என்றால் முகம் சுளிப்போர் மொரிங்கா என்றால் பணம் எண்ணுவது இப்பெயர்த்திரிபின் பயன்.

விலை: முருங்கையிலையில் முக்கால் பங்களவு நீர். உலர்த்தினால் நீர் போகும்; நீர் போனால் எடை குறையும்; எடை குறைந்தால் விலை ஏறும்.

தேர்வு: முதலில் நிறம் காண்க. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உண்டு. சூடு பட்டால் அது கழன்று பச்சை பழுப்பாகும். ஆகவே பழுப்பேறிய பொடி தள்ளத்தக்கது. நிழலில் உலர்ந்து, ஒளி புகாத டப்பாவில் அடைபட்டது கொள்ளத்தக்கது. அடுத்து, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் உண்டா எனக் காண்க. மூன்றாவது, வகுத்தல் கணக்கு. கலவைப் பொடியாயின், 5 கிராம் கரண்டியில் 30 மூலிகை என்றால், ஒன்றின் பங்கு சராசரியாக 0.17 கிராம். ரசத்துக்கு இடும் பெருங்காயமும் ஏறத்தாழ இவ்வளவே. ஆனால் பெருங்காயம் மணக்கவாவது செய்யும்.

விலக்கு: இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் பச்சைப் பொடி தொடலாகாது; கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் கெடுக்கும். ஸ்பைருலினாவிலுள்ள பி12 பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி வடிவம். சைவ உணவினர் அதை நம்பியிருத்தல் தகாது.

புறனடை: மேற்கூறிய விதிகள் கொல்லையில் முருங்கை மரம் இல்லாதார்க்கே உரியன. மரம் உள்ளார் ஒரு கொத்து ஒடித்துப் பொரியல் செய்க. மரம் இருந்தும் கீரை ஆய ஆளில்லாதார் பொடியை ஆய்க.